மதராஸில் பிறந்த ரோவர், சந்திரகிரி சாலையில்

சந்திரகிரி கோட்டைக்குள் நுழையும் எந்தக் காரும் சற்றுக் கூனிக் குறுகித்தான் நிற்க வேண்டியிருக்கும். பின்னால் செங்குத்தான கருங்கல் மலை. முன்னால் மூன்று மாடி ராஜ மஹால், தலையில் கிரீடம் வைத்தது போன்ற கோபுரங்களுடன். விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் குடியிருந்த இடம். திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் திருமலைக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். வருகிறவர்களின் வெள்ளை இன்னோவாக்களும் வாடகை டிசையர்களும் மஹாலின் முன் பொம்மை போலத் தெரியும்.

அந்த மஹாலின் முன் நிறுத்தினாலும் சிறுத்துப் போகாத கார் ஒன்று தமிழ்நாட்டிலேயே தயாரானது. நீண்டு தாழ்ந்த மூக்கு, கூரையிலிருந்து வால் வரை ஒரே சரிவு, இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரின் சாயல். பெயர் ஸ்டாண்டர்டு 2000. பிறந்த இடம் தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர். அங்கிருந்து சந்திரகிரி 160, 170 கிலோமீட்டர்தான். இன்றைய எந்தக் காருக்கும் அது ஒரு காலை நேர வேலை. இந்தக் காருக்கு ஒரு மாத ஏற்பாடு.

ஏற்பாடு ஏன் என்று புரிய காரின் ஜாதகம் தெரிய வேண்டும். 1976-ல் பிரிட்டனில் ரோவர் எஸ்டி1 வெளியானபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. வடிவமைத்த டேவிட் பேச், ஃபெராரி டேடோனாவை மனதில் வைத்து வரைந்தார் என்பது கார் உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குடும்பத்தோடு போகக்கூடிய ஐந்து கதவுக் கார். ஆனால் பார்வைக்குப் பந்தயக் குதிரை. மூடிக்கு அடியில் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைத் திறன். 1977-ன் ஐரோப்பிய கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. பிரிட்டிஷ் போலீஸ் அதில் நெடுஞ்சாலைகளைச் சுற்றி வந்தது. பந்தயக் களங்களிலும் அது ஓடியது. கூடவே துரு, உரியும் பெயிண்ட், தொட்டால் உயிரைவிடும் மின்சார இணைப்புகள் என்ற கெட்ட பெயரும் சேர்ந்தது. மூன்று லட்சம் கார்கள் விற்ற பிறகு 1986-ல் அங்கே கதை முடிந்தது.

இங்கே கதை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் வேன்கார்டு, டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு என்று கார்கள் செய்துவந்த சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், எழுபதுகளின் கடைசியில் கார் தயாரிப்பை விட்டு வேன்களோடு ஒதுங்கியிருந்தது. 1983-ல் மாருதி வந்தது. அடுத்த ஆண்டு கான்டெஸா, அதற்கடுத்த ஆண்டு பிரீமியர் 118 என்இ. பணக்கார வீடுகளின் போர்ட்டிகோவுக்குப் போட்டி மூண்டபோது, ஸ்டாண்டர்டு துருப்புச் சீட்டை இறக்கியது. ரோவரின் உடல், ஏர்கண்டிஷன் சொகுசு, இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டிய விலை. மாருதி 800 ஐம்பதாயிரத்தை ஒட்டி விற்ற நாட்கள் அவை.

உடல் மட்டும்தான் ரோவர். வி8 வரவில்லை. அதன் இடத்தில் உட்கார்ந்தது கம்பெனியின் பழைய வேன்கார்டு குடும்பத்து 1,991 சிசி எஞ்சின். திறன் 80 குதிரையைச் சற்றே தாண்டும். பள்ளம் மேடுகளுக்காக சஸ்பென்ஷனைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். பந்தயக் குதிரையின் முகம், வண்டி மாட்டின் கால்கள். கேலி செய்யாதவர்கள் குறைவு. இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவரை ஒரு சாதாரண பியட் முந்திக்கொண்டு போனால் அவர் முகம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1988 வாக்கில் தயாரிப்பு நின்றுபோனது.

இவ்வளவு கேலிக்கும் ஆளான அந்த எஞ்சினால்தான், மிச்சமிருக்கிற சில கார்களாவது இன்று உருள்கின்றன.

வேன்கார்டு எஞ்சின் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் உருவானது. ஃபெர்குசன் டிராக்டரை உழ வைத்தது அதே குடும்பத்து எஞ்சின். 1953-ல் வந்த டிரயம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட வைத்ததும் அதுவே. அதுவும் இதே 1,991 சிசி அளவில். ஆக, ஸ்டாண்டர்டு 2000-க்குள் இருப்பது டிராக்டரின் இதயம் என்று சொல்பவரும் ஸ்போர்ட்ஸ் காரின் இதயம் என்று சொல்பவரும் பொய் சொல்லவில்லை.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் பிளாக்கோடு சேர்ந்து வார்க்கப்பட்டவை அல்ல. நான்கு இரும்புக் குழாய்கள் தனித்தனியே செருகப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை ‘லைனர்’ என்பார்கள். சுற்றிலும் நேராகத் தண்ணீர் ஓடும். தேய்ந்து போனால் பிளாக்கைக் கடைந்து பெரிதாக்கத் தேவையில்லை. பழைய குழாயை உருவிவிட்டு, புதிய குழாயும் பிஸ்டனும் போட்டால் போதும். பட்டறையில் பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். டிராக்டர் ரிப்பேர் செய்த கைக்கு இது பழக்கப்பட்ட வேலை. டிஆர் கார் பிரியர்கள் உலகம் முழுக்க இருப்பதால் பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் இன்றும் புதிதாகத் தயாராகின்றன.

ஒரே ஒரு கண்டம் உண்டு. லைனர்களின் அடியில், இரண்டு குழாய்களுக்கு ஒன்றாக, 8 என்ற எண்ணின் வடிவில் மெல்லிய தகடு ஒன்று வைக்க வேண்டும். மேலே தண்ணீர், கீழே எண்ணெய். நடுவில் காவல் அந்தத் தகடுதான். அதை வைத்து முடித்தபின் லைனரின் தலை, பிளாக்கின் மட்டத்தைவிட மயிரிழை உயரமாக நிற்க வேண்டும்: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு. குறைந்தால் மேல் கேஸ்கட் பிடிக்காது. அவசரப்படும் மெக்கானிக் அதை அளக்க மாட்டார். கார் பட்டறையை விட்டு ஜம்மென்று கிளம்பும். திருவள்ளூர் தாண்டும்வரை பிரச்சினை இருக்காது. பிறகு எண்ணெயில் தண்ணீர் கலந்து, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் பால் காபி நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்த சொந்தக்காரருக்கு அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

ஆகவே சந்திரகிரிக்குப் போகும் திட்டம் மெக்கானிக்கிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டிகளில் கை வைத்துப் பழகிய தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களிடம் வேலை கற்ற பையன்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு கண்டுபிடிக்கும் கார்களுக்குப் போய்விட்டார்கள். இந்தக் காரில் கம்ப்யூட்டரைச் செருக இடமே கிடையாது. காது வேண்டும். கார்புரேட்டர் பசியோடு ஓடுகிறதா, மூச்சுமுட்டக் குடிக்கிறதா என்பதை ஐட்லிங் சத்தத்தில் பிடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். செங்கல் பொடி நிறம் என்றால் மகிழ்ச்சி.

எஞ்சினுக்கு வழி உண்டு. வழி இல்லாதது சொகுசுக்குத்தான். அகலமான முன் கண்ணாடி, பின்கதவு முழுதும் பரந்த கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங், பின்விளக்கின் பிளாஸ்டிக், டாஷ்போர்டு — இவற்றில் ஒன்று போனாலும் தேடல் வருடக்கணக்கில் இழுக்கும். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத பொருளே கிடையாது என்பார்கள். அந்தப் பேச்சு பொய்யாகும் இடம் இதுதான். ஆயிரக்கணக்கில் உடைக்கப்படும் காரின் பாகங்கள்தான் புதுப்பேட்டையில் குவியும். அபூர்வமாகச் செய்த காருக்கு அங்கே குவியல் ஏது?

குவியல் ஒரு காலத்தில் பெருங்களத்தூரில் இருந்தது. தொழிற்சாலை மூடிய பிறகு, காராக மாறாத உதிரி பாகங்கள் கிடங்கிலேயே தூங்கின. 2006-ல் ஏலம் வந்தது. வாங்கியது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக வியாபாரிகள். சுமார் 12 கண்டெய்னர்கள் நிறைய எஸ்டி1 பாகங்கள் கப்பலேறின. பிரிட்டனின் ரோவர் பிரியர்களுக்கு அது தீபாவளி. அங்கே தயாரிப்பு நின்று இருபது ஆண்டுகள் கழித்து, பிரிக்காத பேக்கிங்கில் புதிய பாகங்கள்! இப்போது சென்னைக்காரர் தன் காருக்கு ஒரு கதவுத் தகடு வேண்டுமானால் இங்கிலாந்துக்கு எழுதி, பவுண்டில் பணம் கட்டி, விமானக் கூலியும் சுங்க வரியும் கொடுத்து வரவழைக்க வேண்டும். வரும் பொருள் ஜி.எஸ்.டி. சாலையோரக் கிடங்கிலிருந்து போனதாகவே இருக்கலாம். அந்த நிலத்தில் ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பிவிட்டன.

அந்தக் கண்டெய்னர்களாலும் தீராத பற்றாக்குறை ஒன்று உண்டு. ரோவர் உடலில் வேன்கார்டு எஞ்சினைப் பொருத்தியது உலகத்திலேயே இங்கே மட்டும்தான். அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிய பிராக்கெட், மவுண்டிங், எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவற்றுக்கு எந்த நாட்டு விலைப்பட்டியலிலும் எண் கிடையாது. பழையதை மாதிரியாக வைத்துக் கடைசலில் செய்து வாங்க வேண்டியதுதான். சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்டார்கள். கார் ஓடியது, மறு விற்பனையில் மதிப்பு போனது. மூல எஞ்சினோடு இருக்கும் காரைத்தான் இப்போது தேடுகிறார்கள் என்பது முப்பது வருடக் கேலிக்குக் கிடைத்த பதிலடி.

பெட்ரோலும் சும்மா விடுவதில்லை. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவான எஞ்சின் இது. வால்வு வந்து மோதும் இருக்கைக்கு அந்த ஈயம்தான் மெத்தை. 2000-ம் ஆண்டில் நாடு முழுதும் ஈயம் நின்றது. அதன் பிறகு சிலிண்டர் ஹெட்டில் கடின உலோக வளையங்கள் பொருத்தாதவர்கள் வால்வு இடைவெளியை அடிக்கடி சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இப்போது 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது அரிக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை மட்டுமே எடுக்கும் கார் என்றால், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. விவரம் தெரிந்தவர்கள் குழாய்களையெல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, டேங்கை நிரப்பியே வைக்கிறார்கள். காலி இடம் இருந்தால்தானே ஈரம் வரும்.

அரசாங்கத்தின் பார்வையில் இந்தக் காருக்கு ஒரு சங்கடமான வயது. 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 2022 முதல் கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 10,000 ஆனது. விண்டேஜ் கார் என்று தனிப் பதிவும் தனி நம்பர் பிளேட்டும் 2021-ல் வந்தன. அந்தக் கவுரவத்துக்கு 50 வயது நிரம்ப வேண்டும். முதல் ஸ்டாண்டர்டு 2000-க்கே அந்த வயது 2035-ல்தான். அதுவரை இது பழம்பொருளும் அல்ல, புதிய பொருளும் அல்ல. வெறும் பழைய வண்டி. காயலான் கடைக்கு இதைவிடப் பொருத்தமான வயது கிடையாது.

இவ்வளவையும் கடந்து கிளம்புகிற கார், வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து நெமிலிச்சேரியில் திருவள்ளூர் சாலைக்குத் திரும்பும். விடியலுக்கு முன் கிளம்புவது உசிதம். காரணம் போக்குவரத்து மட்டுமல்ல, வெயில். திருத்தணி மலையில் முருகன் கோயில் தெரியும் நேரத்துக்குச் சூரியன் ஏறிவிட்டால், நகரி, புத்தூர் பக்கம் பாறை மலைகள் இரண்டு பக்கமும் அனல் வீசத் தொடங்கும். சித்திரை வைகாசியில் 40 டிகிரி இங்கே சாதாரணம். ஏர்கண்டிஷனை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, வெப்பமானி முள்ளின் மீது ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓட்டுவதுதான் இந்தச் சொகுசுக் காரின் சொகுசு.

முள் நடுவில் நிற்கும்வரை சுகம்தான். எண்பது குதிரைத் திறனுக்கு அவசரம் தெரியாது. ஆனால் மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் இந்தக் கார் மிதந்து போகும். இருக்கை ஆழமானது. இடப்பக்கப் பயணியின் முகத்துக்கு நேராக வட்டமான ஒரு காற்றுத் துவாரம். அது வெறும் துவாரம் அல்ல. சாலையின் வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கு அனுப்பும்போது ஸ்டீயரிங் தண்டு அந்தத் துளை வழியாகத்தான் வரும். மீட்டர் பெட்டியையும் அப்படியே தூக்கி இடப்பக்கம் வைத்துவிடலாம். எழுபதுகளின் பிரிட்டிஷ் சாமர்த்தியம். அதை உடன் வருகிறவருக்கு விளக்காத சொந்தக்காரர் இருக்க முடியாது.

திருப்பதி நெரிசலில் கிளட்ச்சைத் தேய்த்துவிட்டு, சித்தூர் சாலையில் திரும்பினால் சந்திரகிரி. மணல் அதிகமும் தண்ணீர் குறைவுமாக சுவர்ணமுகி ஆறு. 2022-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் இப்போது இந்த ஊர். பெரிய பெரிய கற்களை அடுக்கிய கோட்டை மதில், அகழி, அதைத் தாண்டிப் புல்வெளி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாதவராயர்கள் தொடங்கிய கோட்டை என்கிறார்கள். சாளுவ நரசிம்மர் விஜயநகர அரியணையைப் பிடித்தது இங்கிருந்து கிளம்பித்தான். தலைக்கோட்டைத் தோல்விக்குப் பின் சாம்ராஜ்யம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறியபோது, இந்த மஹால் ஒரு தலைநகரின் மையமானது.

சென்னையின் பிறப்புச் சான்றிதழிலும் இந்த ஊரின் பெயர் உண்டு. 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டேக்குக் கடற்கரையில் துண்டு நிலம் கொடுத்தபோது, அவருக்கு மேலே இருந்த அரசு சந்திரகிரி அரசுதான். 1645-ல் மூன்றாம் ஸ்ரீரங்கன் அதை உறுதி செய்தார். ராஜ மஹாலிலேயே பட்டயம் எழுதப்பட்டது என்று உள்ளூரில் சொல்வார்கள். ஆங்கிலேயரின் ஊரில், ஆங்கிலேயக் காரை இந்தியராக்கிச் செய்த வண்டி, அந்தப் பட்டயம் பிறந்ததாகச் சொல்லும் வாசலில் வந்து நிற்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மஹாலின் உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கல்லிலும் செம்பிலும் சிலைகள். அதைவிடக் கட்டிடத்தைப் பார்ப்பது மேல். கல், செங்கல், சுண்ணாம்பு. மரமே சேர்க்காமல் மூன்று மாடிகளை எழுப்பியிருக்கிறார்கள். கரையானுக்கு இங்கே வேலை இல்லை. விரிசல் விட்டால் அதே செங்கல், அதே சுண்ணாம்பு. பக்கத்தில் ராணி மஹால். பெயர்தான் ராணிக்கு, கீழ்த்தளம் குதிரை லாயமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். எண்பது சொச்சம் குதிரைகளோடு வந்தவருக்கு இடம் பிடித்துப் போகும்.

இந்த வறண்ட காற்று ஒரு விதத்தில் காருக்கு நல்லது. சென்னையின் உப்புக் காற்று எஸ்டி1-ன் பரம எதிரி. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, பின்சக்கர வளைவு, முன் கண்ணாடியின் அடிவிளிம்பு ஆகியவற்றில் பெயிண்ட் கொப்பளித்தால் உள்ளே சல்லடையாகிவிட்டது என்று அர்த்தம். இங்கே துரு மெதுவாகத்தான் பிடிக்கும். பதிலுக்கு வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும், டாஷ்போர்டைப் பிளக்கும். புளிய மர நிழல் தேடி நிறுத்துவது அதற்காகத்தான்.

திருமலைக்கு இந்தக் காரிலேயே ஏறலாமா? 1944-ல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, ஏற இன்னொன்று. எழுபதுகளின் பின்பாதி வரை அம்பாஸிடரும் ஹெரால்டும் வளைவுக்கு வளைவு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆவிவிட்டு ஏறிய மலை இது. வேன்கார்டு எஞ்சினால் முடியும். ஆனால் முடியும் என்பதை நிரூபிக்க ஒரு கேஸ்கட்டைப் பலி கொடுக்கத் தேவையில்லை. அறிவுள்ள சொந்தக்காரர் காரை சந்திரகிரியில் விட்டுவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீநிவாசமங்காபுரம் போகிறார். அங்கே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள். சந்திரகிரியில் தங்கிய விஜயநகர அரசர்கள் தங்கள் குதிரைகளை விட்டு இந்த வழியாகத்தான் நடந்து ஏறினார்கள் என்பது வழக்கு.

மறுநாள் காலை திரும்பி வந்ததும் முதல் வேலை சாவியைப் போடுவது அல்ல. குனிந்து காருக்கு அடியில் தரையைப் பார்ப்பது. பச்சையாக ஈரம் இருந்தால் கூலண்ட், கவலைப்பட வேண்டும். கறுப்பாக இரண்டு சொட்டு இருந்தால் எஞ்சின் ஆயில், கவலையில்லை. ஒன்றுமே இல்லாமல் தரை சுத்தமாக இருந்தால்தான் பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்கள் பதறுவார்கள். ஆயில் தீர்ந்துவிட்டதா என்று டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்த பிறகே கிளம்புவார்கள்.